டேங்கின் நிறம்

பெட்ரோல் டேங்குகளிலிருந்து ஆண்டுக்கு எவ்வளவு ஆவியாகப் போகிறது என்று மதிப்பிடும் அதிகாரி வரதராசன், வழக்கம்போல் பெட்ரோல் கிடங்கின் அலுவலக வாசலில் நின்றபடியே டேங்கின் நிறத்தைக் குறித்துக்கொண்டார்: வெள்ளை. வெள்ளை டேங்க் அதிகம் சூடாகாது, அதனால் ஆவியும் குறைவு. சுற்றிவந்து பார்க்க இந்த வெயிலில் யார் நடப்பது? மதிலுக்குப் பின்னால் குடியிருக்கும் பாக்கியமேரி வந்து, வீடெல்லாம் பெட்ரோல் நெடி என்றாள்.

"கணக்குப்படி அங்க வரைக்கும் வராதும்மா."

"எங்க மாடிக்கு வந்து சொல்லுங்க சார்."

போனார். டேங்கின் அந்தப் பக்கத்துக்கு யாரும் பெயின்ட் அடித்ததே இல்லை. துருவேறிக் கறுத்து அனல் வீசியது. பாக்கியமேரி தீப்பெட்டியை நீட்டினாள்.

"கணக்கு சரின்னா கிழிச்சுப் பாருங்க."

வரதராசன் அதை வாங்கிப் பத்திரமாகத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"தெருவுல எல்லா வீட்லயும் ஒண்ணு இருக்கு சார்" என்றாள்.