தாழ்ப்பாள் துப்பாக்கி

வெர்னாவின் துப்பாக்கி பாதிப் போட்டியில் நின்றுவிட்டது.

அறுநூறு கஜத் தூரத்தில் இலக்கு. பாயில் குப்புறப் படுத்துச் சுட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் தொலைநோக்கியோடு உட்கார்ந்து புள்ளி குறித்துக்கொண்டிருந்தவன் நான்.

சுட்ட தோட்டாவின் உறை வெளியே வந்து விழவில்லை. உறையைப் பிடித்து இழுக்கிற கொக்கி உடைந்துவிட்டது, இன்றைக்குச் சரிசெய்ய முடியாது என்றார் பொறுப்பாளர். யாராவது துப்பாக்கி கொடுத்தால் மீதியைச் சுடலாம், சற்று நேரம் தருகிறேன் என்றார்.

வெர்னா எழுந்து முழங்காலில் ஒட்டியிருந்த புழுதியைத் தட்டினாள்.

எங்கள் கிளப்பில் அவளுக்கு அதுதான் கடைசிப் போட்டி. பள்ளிப் பேருந்து ஓட்டுகிற வேலையை விட்டுவிட்டாள். வீட்டையும் விற்றாகிவிட்டது. வெள்ளிக்கிழமை வயோமிங்கை விட்டு அரிசோனாவுக்கு, மகளிடம் போகிறாள்.

துப்பாக்கி நிற்கும்வரை அவள் புள்ளிகளில் ஆர்லனைவிட முன்னால் இருந்தாள்.

ஆர்லன் தன் முறையை முடித்துவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தான். தானியக் கிடங்குகளில் இயந்திரம் பழுதுபார்ப்பவன். மனைவி இறந்தபின் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வாயைத் திறந்து பேசியதென்றால் வெர்னாவிடம்தான். பேச்சு என்றால் சண்டை.

அவளுடையது செமி ஆட்டோமேட்டிக். விசையை அழுத்தினால் போதும், உறையைத் துப்பிவிட்டு அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். அவனுடையது போல்ட். ஒவ்வொரு தடவையும் கைப்பிடியைத் தூக்கி, இழுத்து, தள்ளி, பூட்ட வேண்டும். அவளுடையதைத் தையல் மெஷின் என்பான். அவனுடையதைத் தாழ்ப்பாள் என்பாள். சுடும்போது உள்ளே எதுவும் அசையக் கூடாது, அதுதான் துல்லியம் என்பான். துப்பாக்கிக் கட்டையிலிருந்து கன்னத்தை எடுக்காமல் சுட்டுப் பார், அப்புறம் துல்லியத்தைப் பற்றிப் பேசு என்பாள். வருஷக்கணக்கில் இதே சண்டை. இருவருக்கும் அலுக்கவில்லை.

ஆர்லன் எழுந்து தன் வண்டிக்குப் போனான். ஒரு நீளப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவன் வழக்கமாகக் கொண்டுவருகிற பெட்டி அல்ல.

"வாங்கிப் போட்டு ரொம்ப நாளாச்சு. சும்மாதான் கெடக்கு. இதுல சுடு."

வரிசையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். தையல்காரம்மா இன்னைக்குத் தாழ்ப்பாள் போடப் போறாங்க என்றான் ஒருவன். நான் சிரிக்கவில்லை. போல்ட் துப்பாக்கி அவளுக்குச் சரிப்படாது என்று எனக்குத் தெரியும்.

வேறு நாளாக இருந்தால் வெர்னா சும்மா விட்டிருக்க மாட்டாள். அன்று பெட்டியைத் திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். தோற்றுப்போனதுபோல் இருக்கிறது, வாங்கக் கௌரவம் தடுக்கிறது என்று நினைத்தேன்.

"யோவ், இத எப்ப வாங்கின?" தாழ்ந்த குரலில்தான் கேட்டாள்.

"அதெல்லாம் ஒனக்கெதுக்கு? காத்து திரும்புறதுக்குள்ள போய்ப் படு."

படுத்தாள். நான் தொலைநோக்கியில் கண்ணை வைத்தேன். புள்ளி குறிக்கிறவன் இலக்கை மட்டும்தான் பார்க்க வேண்டும்.

புதுத் துப்பாக்கி என்பதால் குறி பார்க்க இரண்டு தோட்டா அனுமதித்தார்கள். முதலாவது கறுப்பு வட்டத்தின் ஓரத்தைத் தொட்டது. ஆர்லன் அவள் அருகில் குனிந்து குறிபார்க்கும் திருகை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று சொன்னான். இரண்டாவது உள்ளே போனது.

அதன்பின் அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்டது. தூக்கி, இழுத்து, தள்ளி, பூட்டி. பிறகு வெடி. முதலில் தயங்கித் தயங்கி வந்த சத்தம் போகப்போக ஒரே சீராக வர ஆரம்பித்தது. பிறந்ததிலிருந்தே தாழ்ப்பாள் போட்டவள்போல.

ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். கிளப் முழுவதும் இலக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆர்லன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசித் தோட்டாவும் போன பிறகு கூட்டிப் பார்த்தேன். ஒரு புள்ளியில் ஆர்லன் தோற்றிருந்தான். தன் துப்பாக்கியைக் கொடுத்துத் தானே தோற்ற மகான் என்று அவனைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றான்.

வெர்னா உடனே எழவில்லை. எழுந்தபோது கண் சிவந்திருந்தது. எங்கள் ஊர்க் காற்றில் யார் கண்ணும் சிவக்கும். நேராக அவனிடம் போனாள். அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. அவன் காற்றைக் காட்ட நட்டிருந்த கொடிகள் எந்தப் பக்கம் பறக்கின்றன என்று பார்த்தபடியே தலையாட்டினான்.

பிறகு என்னைக் கூப்பிட்டான். "துப்பாக்கிய அவ வண்டியில வச்சிடு."

பெட்டியில் வைக்கும் முன் உள்ளே காலிதானா என்று பார்ப்பது வழக்கம். போல்ட்டைத் திறக்க என் வலக்கை பழக்கத்தில் வலப்பக்கம் போனது.

அங்கே கைப்பிடி இல்லை. வெறும் இரும்பு வழவழவென்று தட்டுப்பட்டது.

திருப்பிப் பார்த்தேன். கைப்பிடி இடப்பக்கம் இருந்தது. தோளில் அணைக்கிற கட்டையும் ஆர்லனின் நீளக் கைக்கு உதவாத அளவுக்குக் குட்டையாக வெட்டி, இழைத்து, எண்ணெய் பூசப்பட்டிருந்தது.

வலப்பக்கக் கைப்பிடியை இடக்கைக்காரர்கள் இயக்குவது பெரும்பாடு. ஒவ்வொரு முறையும் துப்பாக்கிக்கு மேலாகக் கையை வளைத்துக் கொண்டுபோக வேண்டும். அதனால்தான் அவர்களில் சிலர் போல்ட் பக்கமே வருவதில்லை.

ஆர்லன் வலது தோளில் வைத்துச் சுடுகிறவன். நானும் அப்படித்தான். எங்கள் கிளப்பில் இடது தோளில் வைத்துச் சுடுகிறவள் வெர்னா ஒருத்திதான்.