ஆள் வரும் நேரம்

"ஏன் அம்மணி, பாத்ரூமுக்குள்ளயே குடி போயிட்டியா?"

கதவைத் தட்டியது மாமியார் கோமளா. பூஜிதா பஞ்சுக் குச்சியைச் சின்னக் குழாய்க்குள் போட்டு அவசரமாக மூடியைத் திருகினாள். வெள்ளை உறைக்குள் திணித்தாள். துப்பட்டாவுக்குள் மறைத்தாள்.

"வாரேனுங்க அத்தை!"

வெளியூர் மோட்டார் கண்காட்சிக்குப் போய்வந்த கணவன் வம்சியின் பையில் ஒரு மாத்திரை அட்டை. அதைப் பார்த்துத்தான் டாக்டர் தோழி ஃபஹீமா சொன்னாள்: "இது பால்வினை நோய்க்கும் குடுக்கறதுதாண்டி. உனக்கும் தொத்தியிருக்கலாம். ஆஸ்பத்திரிக்கு வரக் கூச்சமா இருந்தா சாம்பிளை நீயே எடு. லேப்ல இருந்து வீட்டுக்கே வந்து வாங்கிக்குவாங்க."

மாமியாருக்குத் தெரிந்தால்? 'என்ற பையன் தங்கம். நீதான் எங்கிருந்தோ கொண்டாந்து ஒட்ட வெச்சே' என்பாள். அப்புறம் பீளமேடே கைகொட்டிச் சிரிக்கும்.

லேப் ஆள் வரும் நேரம். மாமியாரோ ஹாலுக்கும் வாசலுக்குமாக அலைந்துகொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா, கோயிலுக்குப் போயிட்டு வா கண்ணு."

"நீங்க போயிட்டு வாங்க அத்தை."

"எனக்கு முட்டி வலி. நீ போ."

"நான் போகக் கூடாதுங்க." பொய் சட்டென்று வந்து விழுந்தது. "காலைலதான் தூரமானேன்."

மாமியார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது.

பூஜிதா பாய்ந்தாள். முட்டி வலிக்காரி அவளை முந்திக்கொண்டு கேட்டருகே நின்றாள்!

"லேப்ல இருந்து சபுராங்க. சாம்பிள் வாங்க வந்தேன்."

இனி ஒளிக்க முடியாது. வருவது வரட்டும் என்று பூஜிதா உறையை நீட்டினாள். அது சபுராவின் கைக்குப் போகும் முன்பே மாமியார் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"இதை இன்னைக்குக் குடுக்காதே. தூரமான சமயத்துல எடுத்தா ரிசல்ட் சரியா வராதுன்னு கூட வந்த பேப்பர்ல போட்டிருக்குதே, படிக்கலியா?"

"அது... உங்களுக்கு எப்படிங்க அத்தை தெரியும்?"

கோமளா முந்தானைக்குள்ளிருந்து அதேபோல் ஒரு வெள்ளை உறையை எடுத்துச் சபுராவிடம் கொடுத்தாள்.

"வம்சியைக் கண்காட்சிக்குக் கூட்டிட்டுப் போனதே உன்ற மாமனார்தானே, கண்ணு!"