பட்டவன்தான் சொல்லணும்

“அந்த நிவாவை இனிமே நம்ம மைதானத்துக்குள்ளயே விடாதீங்க” என்று என் வீட்டுக்காரர் ஹருயுகியிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். கையில் குழம்புக் கரண்டியோடுதான் நின்றேன்.

பின்னே என்ன? ஜப்பானில் சிபா பக்கம் ஒரு காட்டை வளைத்துப் போட்டு, பாடுபட்டு நடத்துகிற இடம் இது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆபீஸ்காரர்கள் ராணுவ உடுப்பு மாட்டிக்கொண்டு வருவார்கள். இரண்டு அணியாகப் பிரிந்து ஏர்சாஃப்ட் என்கிற காற்றுத் துப்பாக்கியால் சுட்டுக்கொள்வார்கள். சின்ன பிளாஸ்டிக் குண்டு, சாயமும் கிடையாது, தடமும் கிடையாது. மேலே பட்டால் பட்டவனே கையைத் தூக்கி ‘ஹிட்’ என்று சொல்லிவிட்டு வெளியேற வேண்டும். சுட்டவன் வாயே திறக்கக் கூடாது. மொத்த ஆட்டமும் மனசாட்சியை நம்பித்தான் நடக்கிறது.

பட்டும் படாத மாதிரி நிற்கிறவனை ஜோம்பி என்போம், செத்தும் சாகாத ஜென்மம். அப்படி ஒருத்தன் இருந்தால் போதும், மைதானத்தின் பேர் நாறிவிடும்.

அன்றைக்குக் காலையில் ஆட வருகிறவர்களில் ஒருத்தரான குசகாபே சார் தன் ஆபீஸ் பையன்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பழைய குட்டைத் துப்பாக்கிக்கு மாற்றுப் பாகங்கள் அடங்கிய ஒரு கிட் வாங்கி, மரக்கட்டையும் நீளக் குழலுமாக அசல் ரைஃபிள் மாதிரியே மாற்றியிருந்தார். “ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து நானே பூட்டினது. கடைக்காரன் கையே படல” என்று நாலு மேசைக்குக் கேட்கும்படி சொன்னார். பையன்கள் வாயைப் பிளந்தார்கள். என் வீட்டுக்காரர் குண்டின் வேகத்தை அளந்தார். வரம்பைத் தாண்டவில்லை, ஸ்டிக்கர் ஒட்டி உள்ளே அனுப்பினார்.

முதல் ஆட்டம் முடிந்து குசகாபே சார் முகம் சிவந்து வந்தார். நேரே நெஞ்சைப் பார்த்துச் சுட்டாராம், அந்த நிவா கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றாராம். இரண்டாவது ஆட்டத்திலும் அதே கதை. சாப்பாட்டுக்கு வந்தவர் தட்டை என் முன்னால் டொக்கென்று வைத்தார்.

“இது மைதானமா, சுடுகாடாம்மா? செத்தவனெல்லாம் எழுந்து நடக்கிறான்.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நேரே நிவாவிடம் போய்க் கேட்டேன். மழை பெய்தாலும் தவறாமல் வருகிற மனுஷன். வேறு போக்கிடமும் கிடையாது, நண்பர்கள் என்றாலே இங்கே இருக்கிறவர்கள்தான்.

“படலைங்க” என்றார். அவ்வளவுதான்.

எல்லா ஜோம்பியும் சொல்கிறது அதைத்தானே? பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனார்கள். போகட்டும், நல்லா வேணும் என்றுதான் இருந்தது.

என் வீட்டுக்காரர் அவசரப்படாத ஆள். ஆனால் அவரும் சொல்லிவிட்டார்: “இன்னொரு புகார் வந்தா நீங்க வேற இடம் பார்த்துக்கணும், நிவா சார்.”

நிவா தலையைக் குனிந்துகொண்டார்.

எதிர் மேசையில் குசகாபேயோடு வந்த பையன் ஒருத்தன் மெதுவாக ஆரம்பித்தான். “அண்ணே, கிட்டைப் பூட்டினதுல ஏதாச்சும்...”

“துப்பாக்கியில ஒண்ணும் இல்லடா. கோளாறு ஆள்லதான்” என்றார் குசகாபே. சொல்லும்போது காதுவரைக்கும் சிவந்துபோனார். நிவா நிமிர்ந்து அவர்களை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார்.

கடைசி ஆட்டம், இரண்டு சுற்று. வேலையைப் போட்டுவிட்டு நானே காவல் பரண்மேல் ஏறி நின்றேன். குசகாபே ஒரு மரத்துக்குப் பின்னாலிருந்து குறிவைத்துச் சுட்டார். தூரத்தில் தகர டிரம்களுக்குப் பக்கத்தில் நின்ற நிவா உடனே கையைத் தூக்கினார். “ஹிட்!” காடே கேட்டது. அடுத்த சுற்றிலும் அதே மாதிரி, சுட்ட உடனே கை மேலே போனது.

வெளியே துரத்துவோம் என்றதும் மனசாட்சி வந்துவிட்டது பார் என்று எனக்குள் பொரிந்து தள்ளினேன்.

பையன்கள் கை தட்டினார்கள். குசகாபே சாருக்குத் தலைகால் புரியவில்லை. ரைஃபிளை என் வீட்டுக்காரரிடம் நீட்டி, “நீங்களும் ஒரு தடவை சுட்டுப் பாருங்க” என்றார்.

என் வீட்டுக்காரர் பயிற்சிப் பலகையைப் பார்த்துச் சுட்டார். குண்டு பாதி தூரம்கூடப் போகவில்லை, தரையில் விழுந்து உருண்டது. மறுபடி சுட்டார், மறுபடி உருண்டது. குழலைக் கழற்றி உள்ளே பார்த்தார்.

“ரப்பர் வளையம் சரியா உட்காரலை சார். காத்தெல்லாம் பக்கவாட்டுல போகுது. காலையில வேகம் கூடியிருக்கான்னுதான் பார்த்தேன், எட்டுமான்னு பார்க்கலை.”

அந்த டிரம்களோ பயிற்சிப் பலகையைவிட மூன்று மடங்கு தூரம். அப்படியானால் நிவா மேல் ஒரு குண்டுகூடப் பட்டிருக்காது.

நான் வண்டி நிறுத்துகிற இடத்துக்கு ஓடினேன். நிவா பையை டிக்கியில் வைத்துக்கொண்டிருந்தார்.

“படாத குண்டுக்கு எதுக்கு சார் கையைத் தூக்கினீங்க? அதனாலதானே எல்லாரும் உங்களை ஜோம்பின்னே முடிவு பண்ணினாங்க.”

அவர் சங்கடமாகத் தலையைச் சொறிந்தார். “தானே பூட்டினதுன்னு பசங்க முன்னாடி அவ்வளவு ஆசையா சொன்னாருங்க. எட்டலைன்னு நான் எப்படிங்க சொல்றது?”

பின்னால் சரளைக்கல் நொறுங்கியது. குசகாபே சார் நின்றிருந்தார், கூடவே அந்த இரண்டு பையன்களும், சாப்பாட்டு மேசையை விட்டு எழுந்து போனவர்களும்.

ஆட்டம் முடிந்துவிட்டது, யார் கையிலும் துப்பாக்கி இல்லை. குசகாபே சார் மெதுவாகக் கையைத் தூக்கினார்.

“ஹிட்” என்றார்.