எழுபது மணி

தன் சாவுமணியைத் தானே உட்கார்ந்து எண்ணிய மனுஷன் பூமியிலே பிச்சைக்கண்ணு ஒருவராகத்தான் இருக்கும்.

சாத்தான்குளத்துக்குத் தெற்கே உள்ள அந்தக் கிறிஸ்தவ ஊரில், யாராவது இறந்தால் கோயில் மணியை வயசுக்கு ஒன்றாக அடிப்பது வழக்கம். 1910 சித்திரையில் வாந்திபேதி பரவிய சமயம், ஒரு நாள் மணி எழுபதில் போய் நின்றது. ஊரில் எழுபது வயசு ஆள் அவர் ஒருவர்தான். அவரோ வாசலில் பதனீர் குடித்துக்கொண்டிருந்தார்.

அரை நாழிகையில் அவர் வீட்டு முன்னால் கூட்டம் கூடிவிட்டது. முன்னால் வந்தவள் அவரைப் பார்த்ததும் ஒப்பாரியைப் பாதியில் விழுங்கினாள்.

இறந்தது சத்தியநேசனின் மகன் ஜெபசீலன். வயசு ஏழு.

அதற்கு மூன்றாம் ஞாயிறு ஆராதனை முடிந்ததும், மணியடிக்கிற கோயில்குட்டி வேதமுத்துவை ஊர்ச் சபையைக் கவனிக்கும் உபதேசியார் முன்னால் நிறுத்தினார்கள். பிராது கொடுத்தவர் பிச்சைக்கண்ணு.

"ஏழு அடிக்கச் சொன்னேன். எழுபது அடிச்சிருக்கீரு. என்ன வே இது?" என்று கேட்டார் உபதேசியார்.

"எண்ணிக்கை தப்பிட்டு ஐயா."

"ஏழுக்கு மேல அறுபத்துமூணு தப்புமா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். சத்தியநேசன் மட்டும் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான்.

"கள்ளு குடிச்சிருந்தீரா?"

வேதமுத்து தரையைப் பார்த்தான். "குடிச்சிருந்தேன்னே வச்சுக்கிடுங்க."

"வச்சுக்கிடவா?" பிச்சைக்கண்ணு எழுந்துவிட்டார். "ஏலே, உடன்குடியிலிருந்து என் சம்பந்தகாரன் மாலையோட வந்துட்டாம்லே! வாங்கி நானே கழுத்துல போட்டுக்கிட்டு அவனுக்குச் சோறு போட்டு அனுப்புனேன்!"

உபதேசியார் சிரிக்கவில்லை. "செத்த பிள்ளைக்கு ஒழுங்கா மணி அடிக்கத் தெரியாதவன் கோயிலுக்கு வேண்டாம். சாவியை வையும். குடியிருக்கிற கோயில் வீட்டையும் ஒழிச்சுத் தாரும்."

இருபது வருஷச் சாவி. வேதமுத்து அதை மேஜைமேல் வைத்தான். பிச்சைக்கண்ணுக்கு வயிறு குளிர்ந்தது.

"சாவியை எடுத்துராதீங்க ஐயா."

வாசலில் சுவரைப் பிடித்தபடி ஒருத்தி நின்றாள். சத்தியநேசன் பெண்சாதி கெசியா. மகனோடு சேர்ந்து பேதியில் விழுந்தவள். கூடாய் மெலிந்திருந்தாள். பிள்ளை இறந்ததை அவளிடம் பத்து நாள் ஊரே மறைத்து வைத்திருந்தது. அவன் தெளிந்துவிட்டான், ஏரலில் அத்தை வீட்டுக்கு அனுப்பியிருக்கு என்று எல்லாரும் ஒரே வாயாய்ச் சொன்னார்கள்.

"நீ ஏன் பிள்ள எந்திரிச்சு வந்தே?" என்று சத்தியநேசன் ஓடிப்போய்த் தாங்கினான்.

"எல்லாரும் வாயை மூடிக்கிட்டிய. மணியை மறந்துட்டிய," என்றாள் கெசியா. "என் வீடு கோயிலுக்கு அடுத்த வீடுல்லா? அன்னைக்கு நான் படுத்துக்கெடந்து எண்ணுனேன்."

சத்தியநேசன் அவளைச் சுவரோரம் உட்கார வைத்தான்.

"ஏரலுக்கு அனுப்பியிருக்குன்னு அவுக சொன்னதை நான் நம்பல. ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுதேன். ஏழு விழுந்துச்சு. இதோட நின்னா என் மூச்சும் நிக்கட்டும்னு கண்ணை மூடிட்டேன்."

கொஞ்சம் மூச்சு வாங்கினாள்.

"எட்டு விழுந்துச்சு."

கூட்டம் வேதமுத்துவைத் திரும்பிப் பார்த்தது.

"அப்புறம் அடிக்க அடிக்க பையப் பைய உசுரு திரும்பி வந்துச்சு. எழுபதுல நின்னப்ப, பிச்சைக்கண்ணு பாட்டையாதான் போயிட்டாவன்னு அழுதேன். அழுதுக்கிட்டே கஞ்சி கேட்டேன். பத்து நாள் கழிச்சு அவுக உண்மையைச் சொன்னப்ப, அதைத் தாங்க உடம்புல தெம்பு இருந்துச்சு. அந்தத் தெம்பு இந்த அண்ணன் குடுத்தது."

வேதமுத்துவைப் பார்த்துக் கை கூப்பினாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

உபதேசியார் தொண்டையைச் செருமினார். "இதை முதல்லயே சொல்லுததுக்கு என்ன வே?"

"கோயில் மணியைப் பொய் சொல்ல வச்சேன்னு எப்படிய்யா சொல்ல? குடிகாரன் தப்பா அடிச்சான்னா பழி என்னோட போயிரும்லா."

எல்லாரும் பிச்சைக்கண்ணுவைப் பார்த்தார்கள். பிராது அவருடையதல்லவா?

அவர் மெதுவாக நடந்துபோய் மேஜைமேல் இருந்த சாவியை எடுத்தார். வேதமுத்துவின் கையை விரித்து அதில் வைத்து அழுத்தினார்.

"ஏலே, அன்னைக்கு நீ அடிச்சது என் மணிதான். எனக்கு வந்து சேந்துட்டு. நான் போற அன்னைக்கு ஏழுதான் அடிக்கணும். அது அந்தப் பிள்ளைக்கு."