தின்னர் வாடை

“உவ்வே! இன்னா நாத்தம்யா இது!” கெங்கம்மா புருஷனின் சட்டையை இரண்டு விரலால் தூக்கி பக்கெட்டில் எறிந்தாள். பெயின்டில் கலக்கும் தின்னரின் வாடை குப்பென்று அடித்தது.

கண்டெய்னருக்குப் பெயின்ட் அடிப்பவனைக் கட்டிக்கொண்டு பதினெட்டு வருஷம். ஆனால் கொஞ்ச நாளாகத்தான் இந்தக் கருமம் பாய், தலையணை வரைக்கும் ஏறியிருந்தது. விம்கோ நகரில் இருப்பதே ஒற்றை அறை வீடு, எங்கே போய் மூச்சு விடுவது?

“உனக்கு மூக்கு செத்துப்போச்சு, எனக்கு சாவலியே! கைய மட்டும் மண்ணெண்ண போட்டு சுத்தமா கழுவிகினு வரத் தெரியுதில்ல? சட்டைய அலச இன்னா கேடு?”

சுப்பராயன் தன் கைகளைப் பார்த்தான். நகக்கண்ணில்கூட ஒரு பொட்டு பெயின்ட் இல்லை. கைகளை லுங்கியில் துடைத்துக்கொண்டு சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்தான்.

பத்தாவது படிக்கும் மகள் சங்கமித்ரா, விளக்கு வைக்கும் நேரத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிச் சுருண்டு கிடந்தாள்.

“புள்ள ஒரு வாய் சோறு துன்றதில்ல. படிச்சுப் படிச்சு கண்ணு வேற செவந்து கீது. இந்தக் கலீஜுல எப்டிய்யா சோறு எறங்கும்?”

“ஸ்கூல்ல மீட்டிங்குன்னியே, இன்னா சொன்னாங்க?”

“அத்த ஏன் கேக்குற! கண்டதையும் மோந்து போதைக்கு அலையுற புள்ளைங்கள எப்டி கண்டுபுடிக்கிறதுன்னு டீச்சரம்மா ஒரு பேப்பரு குடுத்தாங்க. த்தூ! பெத்து தெருவுல வுட்டவளுங்க படிக்கட்டும், எனக்கு இன்னாத்துக்கு?”

அந்தத் தாளை நாலாக மடித்துக் குழம்புச் சட்டிக்கு அடியில் வைத்திருந்தாள்.

ஆத்திரம் அடங்கவில்லை. மகளின் பள்ளிப் பையிலிருந்து கர்ச்சீப்பை உருவி, புருஷனின் மூக்கருகில் நீட்டினாள்.

“மோந்து பாரு! உன் சட்டையோட ஊற வச்சதுல புள்ள கர்ச்சீப்பும் நாறுது. எத்தினி சோப்பு போட்டாலும் போவ மாட்டேங்குது.”

கர்ச்சீப் ஈரமாக இருந்தது. சுப்பராயனின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. மகளைப் பார்த்தான். பிறகு குழம்புச் சட்டியைத் தூக்கி, அடியிலிருந்த தாளைப் பிரித்தான்.

“இன்னாய்யா, பேயறைஞ்ச மாதிரி கீற?”

“உன்கிட்ட சொல்லல, நான் இப்ப வாட்ச்மேன் வேலைக்குப் போறேன்மே. தின்னர தொட்டு ஒரு மாசமாவுது.”