திரி நிற்க ஒரு பசை

"இது ஆகாதுக்கா. திரி அடிவரைக்கும் எரிஞ்சதும் டப்புன்னு வெடிக்குது" என்றாள் ஜூலியேத், தரையில் சிதறிய கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கிக்கொண்டே.

மாரி-ரோஸ் அவசரமாக ஜன்னலைச் சாத்தினாள். வியட்நாமியப் புத்தாண்டன்று சைகோனுக்குள் புகுந்த கெரில்லாக்களைத் தேடிப் போலீஸ் இன்னும் வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தமிழில் சொன்னாலும் 'வெடி' என்ற சொல் அவளுக்குப் பயமாக இருந்தது.

அவர்கள் செய்துகொண்டிருந்தது என்னவோ மெழுகுவர்த்திதான். சண்டையில் மின்சாரம் போனதிலிருந்து ஊரே மெழுகுவர்த்திக்கு அலைந்தது. கண்ணாடித் தம்ளர்களில் மெழுகை ஊற்றித் தான்டின் சர்ச் வாசலில் விற்கலாம் என்று அடுத்தடுத்த வீட்டுத் தமிழ்ப் பெண்கள் இருவரும் இறங்கியிருந்தார்கள்.

திரிதான் படுத்தியது. அதைத் தகரச் சில்லில் கோத்துத் தம்ளரின் அடியில் ஒட்ட வேண்டும். சோற்றுப் பசை சூட்டில் விட்டுப்போனது. மெழுகையே சொட்டவிட்டு ஒட்டினால், அதுவும் உருகித் திரி சாய்ந்தது. சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் உடும்பாகப் பிடித்தது. ஆனால் தீ அதைத் தொட்டதும் குபீரென்று பற்றித் தம்ளரையே உடைத்தது.

கடைசியில் தச்சர்கள் மரம் ஒட்டக் காய்ச்சும் வஜ்ஜிரப் பசையை வைத்தார்கள். திரி அசையாமல் நின்று எரிந்து, சாதுவாக அணைந்தது. சொல்யூஷன் ஒட்டி மிச்சமிருந்த தம்ளர்களோடு வஜ்ஜிரம் வைத்தவை கலந்துவிடாமல் இருக்க, வஜ்ஜிரத் தம்ளர்களின் திரி நுனியில் மட்டும் ஜூலியேத் ஒரு முடிச்சுப் போட்டாள்.

அவள் கணவன் ரேமோன் வாயில் சிகரெட்டோடு உள்ளே வந்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவன்; தெருவில் அவனைப் பிடிக்காதவர்கள் இல்லை. "பாத்து மாரி-ரோஸ், இவ உன்னையும் சேத்துக் கொளுத்திடப் போறா!" என்று சிரித்தான். மாரி-ரோஸும் சிரித்தாள். ஜூலியேத் குனிந்து தம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

கதவு உடைந்து விழுந்தது.

சொல்யூஷன் நாற்றம் தெருவரை போயிருக்க வேண்டும். உள்ளே பாய்ந்த போலீஸ்காரர்களில் ஒருவன் துப்பாக்கிக் கட்டையால் ரேமோனின் வயிற்றில் இடித்தான். இன்னொருவன் ஜூலியேத்தைக் கழுத்துப்பட்டியைப் பிடித்து இழுக்க, ரவிக்கை முதுகுவரை கிழிந்தது.

அவர்களோடு வந்த அதிகாரி அவள் முதுகைப் பார்த்தார். வட்ட வட்டமாகச் சுட்ட தழும்புகள். சில பழையவை, சில இன்னும் ஆறாதவை.

"வெடிமருந்துக் காயம்தானே?" என்றார் வியட்நாமிய மொழியில்.

"மெழுகு தெறிச்சது" என்றாள் ஜூலியேத்.

"முதுகிலா?"

"மெழுகுதான் ஐயா, மெழுகேதான்!" என்று தரையிலிருந்து முந்திக்கொண்டு கத்தினான் ரேமோன். பூட்ஸ் கால் அவன் வாயில் இறங்கியது. ரத்தத்தோடு ஒரு பல்லைத் துப்பினான்.

மாரி-ரோஸ் அதிகாரியின் காலில் விழுந்தாள். "வெறும் மெழுகுவர்த்தி ஐயா! கொளுத்திப் பாருங்க!"

அவருக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. ரேமோனை முழங்காலில் நிறுத்தி, பிடரியில் கைத்துப்பாக்கியை வைத்தார். "இவன் கையில் பிடித்துக்கொள்ளட்டும். அமைதியாக எரிந்து முடிந்தால் மெழுகுவர்த்தி என்று நம்புகிறேன்." பிறகு ஜூலியேத்திடம் திரும்பினார். "நீயே ஒன்றை எடுத்துக் கொடு."

மேஜைமேல் சோதனைத் தம்ளர்கள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் சீக்கிரம் எரிந்து தீர அரை விரற்கடை மெழுகுதான். ஜூலியேத்தின் கை அவற்றின்மேல் போய், நின்று, மறுபடி நகர்ந்து ஒன்றை எடுத்தது. பற்றவைத்துக் கணவனின் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்தாள்.

அப்போதுதான் மாரி-ரோஸ் கவனித்தாள். திரியில் முடிச்சு இல்லை.

அவள் வாயைத் திறந்தால், வெடிக்கிற தம்ளரும் இங்கே இருக்கிறது என்று தானே ஒப்புக்கொண்டதாக ஆகும். மாதாவே, மாதாவே என்று மனசுக்குள் அலறினாள். ரேமோனுக்கு முடிச்சுக் கணக்கெல்லாம் தெரியாது. "பாத்தீங்களா ஐயா, மெழுகுவர்த்திதான்" என்று ரத்த வாயோடு சிரிக்கக்கூடச் செய்தான்.

சுடர் இறங்கி, இறங்கி, அடியைத் தொட்டது.

குபீரென்று எழுந்த தீ அவன் தாடையை நக்கியது. தம்ளர் வெடித்தது. கொதிக்கும் மெழுகும் கண்ணாடிச் சில்லும் முகத்தில் அப்ப, ரேமோன் மிருகம்போல் அலறிக்கொண்டு புரண்டான். போலீஸ்காரர்கள் மூலைக்கு ஒருவராகச் சுருண்டு, பிறகு வெறியோடு அவன்மேல் விழுந்தார்கள். கட்டையடியில் எலும்பு முறிகிற சத்தம் மாரி-ரோஸுக்குத் தெளிவாகக் கேட்டது.

ஒருவன் ரேமோனின் சட்டைப்பையிலிருந்து பழைய பட்டாளத்து அட்டையை உருவி நீட்டினான். "பட்டாளத்துக்காரன். வெடி செய்யத் தெரிந்தவன் இவன்தான், பொம்பளைகளை விடு" என்றார் அதிகாரி. தலைமுடியைப் பிடித்து வாசல்வரை இழுத்துப் போய் ஜீப்பில் எறிந்தார்கள். அப்படிப் போனவர்கள் யாரும் அந்தத் தெருவுக்குத் திரும்பி வந்ததில்லை.

ஜீப் சத்தம் தேய்ந்தது. சுவரோரம் நின்ற ஜூலியேத்தை மாரி-ரோஸ் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். கிழிந்த ரவிக்கையைத் தன் துண்டால் மூடினாள்.

"அழுதுடுடி. உம்மேல தப்பில்ல. அந்தப் பதட்டத்துல யாருக்குத்தான் கை மாறாது? தங்கமான மனுசன் அவரு, உன்ன மன்னிச்சிடுவாரு..."

ஜூலியேத் அழவில்லை.

"கை மாறலக்கா. சிகரெட்ட அணைக்க இனிமே அவருக்கு என் முதுகு கெடைக்காது."