இரண்டாவது லைன்

"ஒரு லைன் போனாலும் இன்னொண்ணு பிடிச்சுக்கும். நீ என் கண்ணைவிட்டு மறையவே மாட்டே" என்று சொல்லித்தான், துபாயில் இருக்கும் தயாளன் வீட்டுக்கு இரண்டு இன்டர்நெட் கனெக்‌ஷன் போட்டான். கூடத்துக் கேமராவிலிருந்தே பேசுவான். "ஏன் மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு?" என்பான். மனைவி சுகிர்தா உடனே சிரிப்பாள். ஒருநாள் பெருக்கும்போது துடைப்பம் பட்டு, கேமராவுக்கு நேர் கீழே அதன் கண்ணில் படாமல் இருந்த ரூட்டரின் வயர் கழன்றது. அடுத்த லைன் பிடிக்கும்வரை கேமராவின் நீலப் பொட்டு அணைந்து கிடந்ததைப் பார்த்துக்கொண்டாள். அதிலிருந்து தினமும் வயரை உருவினாள். பொட்டு மறுபடி எரியும்வரை முகத்தை அதன் போக்கில் விட்டுவிடுவாள். லைன் மாறுகிற ஒவ்வொரு முறையும் அவன் போனுக்குத் தகவல் போகும் என்பது அவளுக்குத் தெரியாது. ரிப்பேர் பார்க்க அவனே ஆள் அனுப்பினான். வந்தவர் வயரின் நுனியைத் திருப்பிப் பார்த்தார். உருவி உருவிச் செருகியதில் கொக்கி உடைந்திருந்தது. அவளைப் பார்த்தார். பிறகு கேமராவை நிமிர்ந்து பார்த்து, "எலி கடிச்சிருக்கு சார்" என்றார்.

கேமராவிலிருந்து தயாளனின் குரல் வந்தது.

"எலியா? நான் ராப்பகலா பாத்துட்டு இருக்கேனே. அந்த வீட்ல எலி கிடையாதே."

சுகிர்தா சிரித்தாள்.